எழுத்தில்லாத வட்டம்

படப்பை
9.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

திருமலை எழுதுவது. நான் நலம். எங்கள் கேன்டீன் சாம்பாரை மூன்று வருடம் சாப்பிட்டும் நலமாக இருப்பவன் இனி எதைச் சாப்பிட்டாலும் நலமாகத்தான் இருப்பான். உன் தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடுகிறாயா? மாமா நலமா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். ரூமில் ஆறு பேர் இருக்கிறோம். ஒருவன் போனில் பேசினால் மற்ற ஐந்து பேரும் பதில் சொல்கிறார்கள். உன் பக்கம் மாமா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் போனை உன்னிடம் கொடுக்கிறார். குறையாகச் சொல்லவில்லை. ஒரு கம்பெனியில் தர ஆய்வாளராக இருப்பவர், வீட்டுச் செருப்பு ஸ்டாண்டை மாதம் ஒருமுறை ஆடிட் செய்பவர், மச்சான் பேச்சை மட்டும் ஆடிட் செய்யாமல் விடுவாரா? கடிதம் பகலில் வரும். பகலில் அவர் ஷிப்டில் இருப்பார்.

விஷயம் பெரிதல்ல. எங்கள் லைனில் இருக்கும் கறுப்புத் திரையை எடுக்கப்போகிறார்கள்.

அதைப் பற்றி உனக்கு எழுதியதில்லை. சின்ன வேனுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் போகும் பிரேக் சிலிண்டரில் காற்றை ஏற்றி, கசிகிறதா என்று பார்ப்பது என் வேலை. அதைச் செய்யும் கம்ப்யூட்டர் ரொம்பப் பழசு. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. படம் கிடையாது, பட்டன் கிடையாது. நாம் ஒரு சொல்லை டைப் அடித்தால் அது ஒரு சொல்லில் பதில் சொல்லும். நல்ல பீஸ் என்றால் ‘ஓகே’. கெட்டது என்றால் ‘என்ஜி’ என்று போட்டு, எவ்வளவு கசிவு என்பதையும் பக்கத்தில் போடும். தாலுகா ஆபீஸ் கிளார்க் மாதிரி. சரியாகக் கேட்டால் சரியான பதில். ஒரு எழுத்து தப்பினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எதைக் கேட்கலாம் என்பதைத் தானாகச் சொல்லாது. அதன் நாற்பது சொற்களும் கைக்குப் பழக எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. அதன்பிறகு நான் கீபோர்டைக் குனிந்து பார்த்ததே இல்லை.

அதற்குப் பதிலாகத் தொடுதிரை வருகிறது. எங்களைப் போன்றவர்களுக்கு எது எளிது என்று ஆராய்வதற்காகவே சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். நாற்பது நிமிடம் ஆராய்ந்தார், அதில் டீ பதினைந்து நிமிடம். “எழுத்தே வேணாம். கலரும் படமும் போதும். ஒரு குழந்தைகூட ஓட்டலாம்” என்றார். லைனில் குழந்தைகளை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம் என்று எங்கள் சூப்பர்வைசர் நம்பிராஜன் சார் சொன்னார். மேலே இருப்பவர்களை அவர் எதிர்த்துப் பேசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஜூலை ஒன்றாம் தேதி புதுத்திரை. டிசம்பரில் பர்மனென்ட் லிஸ்ட். மூன்று வருடமாக என் பெயர் ‘பயிற்சியாளர்’. இந்த முறை வந்துவிடும் என்கிறார்கள்.

கவலைப்பட ஒன்றுமில்லை. சும்மா எழுதினேன்.

மாமாவுக்கு என் வணக்கம், அவருக்குத் தெரியாமல்.

தம்பி திருமலை


சாக்கன், புனே
18.6.2024

அன்புத் தம்பி திருமலைக்கு,

அக்கா உமாதேவி எழுதுவது. இருவரும் நலம். மாத்திரை போடுகிறேன். இங்கே மழை பிடித்துக்கொண்டது, துணி காயவில்லை, அது தவிர குறையில்லை.

கவலைப்பட ஒன்றுமில்லை என்று சொல்வதற்கு யாரும் மூன்று பக்கம் எழுத மாட்டார்கள். நேராகக் கேட்கிறேன். புதுத்திரையில் எழுத்து உண்டா, இல்லையா? கலர் என்கிறாயே, எந்தக் கலர்?

உனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று என்பது நம் வீட்டில் மூன்று பேருக்குத்தான் தெரியும். அம்மா போன பிறகு இரண்டு பேர். உன் கலர் பென்சில் ஒவ்வொன்றின் மேலும் அதன் பெயரைப் பேனாவால் எழுதிக் கொடுத்தவள் நான். நீ கம்பெனியில் சேரும்போது கண் பரிசோதனையில் கலர்ப் புள்ளிப் புத்தகத்தைக் காட்டி உள்ளே தெரியும் எண்ணைக் கேட்டார்களே, அதில் எப்படித் தேறினாய் என்று அம்மாவிடம் கேட்டேன். “வரிசைல முப்பத்தெட்டாவது ஆளா நின்னுகினு இருந்தான். முன்னாடி முப்பத்தேழு பேரும் அதே நம்பரை அதே வரிசைல சொல்லிக்கினு போனாங்க. மனப்பாடம் ஆயிடுச்சு” என்றாள். அன்றைக்குச் சிரித்தோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

படத்தை நான் குறை சொல்ல மாட்டேன். இங்கே மராத்தி எழுத்தை இன்னமும் எனக்குக் கூட்டிப் படிக்கத் தெரியாது. ஆஸ்பத்திரியில் கதவு மேல் பல் படம் வரைந்திருந்ததால்தான் பல் டாக்டரிடம் போய்ச் சேர்ந்தேன். படிக்கத் தெரியாதவளுக்குப் படம் தெய்வம். ஆனால் வரைந்தவன், பார்க்கப்போகிறவர்கள் எல்லோருக்கும் தன் கண்தான் இருக்கிறது என்று நினைத்து வரைகிறான்.

சூப்பர்வைசரிடம் சொல்லிவிட முடியுமா என்று பார். மாமாவிடம் நான் சொல்லவில்லை. அவரிடம் சொல்லும் எதுவும் அறிக்கையாகிவிடும்.

வேளைக்குச் சாப்பிடு. உடனே பதில் போடு.

அக்கா உமா


படப்பை
7.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நலம். லேசாக ஜலதோஷம், அவ்வளவுதான்.

எழுத்து இல்லை. திரை நடுவில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டம். பீஸ் நல்லது என்றால் பச்சை, கெட்டது என்றால் சிவப்பு. எனக்கு இரண்டும் டீக்கலர். வட்டத்துக்குக் கீழே இரண்டு டிரே படங்கள். இடது நல்லது, வலது கெட்டது. பீஸை எந்த டிரேயில் வைத்தோமோ அந்தப் படத்தைத் தொட்டால் முடிந்தது. பழைய திரை அப்படி விடாது. அது என்ஜி சொன்ன பீஸை நல்ல டிரேயில் வைக்கப் போனால், காரணத்தை டைப் அடிக்கும்வரை அடுத்த பீஸை எடுக்க விடாது. புதுத்திரை எதையும் கேட்காது. தொழிலாளியோடு நட்பாக இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

பயப்படாதே, வழி கிடைத்துவிட்டது. புதன்கிழமை காலை கை துடைக்கத் துணி எடுக்கலாம் என்று மேஜையின் அடி டிராயரைத் திறந்தேன். துணிக்கு அடியில் பழைய கீபோர்டு. மற்ற மேஜைக் கீபோர்டுகள் எல்லாம் ஸ்க்ராப் யார்டுக்குப் போய்விட்டன. என்னுடையது எப்படித் தப்பியது என்று தெரியவில்லை. சொருகி, இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்திப் பார்த்தேன். வட்டம் ஒதுங்கியது. பின்னால் கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்தும் அப்படியே இருக்கின்றன. பழையதை அவர்கள் எடுக்கவே இல்லை அக்கா. சுவர் விரிசல் மேல் சாமி காலண்டர் மாட்டுவது மாதிரி, மேலே படத்தை மாட்டியிருக்கிறார்கள். இப்போது நான் காலண்டருக்குப் பின்னால் வேலை பார்க்கிறேன். யாராவது வந்தால் மறுபடி வட்டம்.

பக்கத்து மேஜை கங்காவுக்குப் புதுத்திரை ரொம்பப் பிடித்திருக்கிறது. “உன் கறுப்பு மூஞ்சிக்கு நாப்பது வார்த்தை நெட்டுரு போடணும். இதுக்கு ஒரு விரல் போதும்” என்கிறாள். நியாயம்தான். நான் இரண்டு மாதத்தில் கற்றதை அவள் அரை மணியில் கற்றுக்கொண்டாள். புதிதாக வரும் பெண்கள் இனிமேல் அழாமல் வேலை பழகுவார்கள்.

தொல்லை என்றால் நம்பிராஜன் சார்தான். ஷிப்டுக்கு நாலு தடவை என் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிறார். திரையைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். “இன்னாபா சொல்லுது?” என்கிறார். தட்டு அளவு வட்டம் கண்ணெதிரே இருக்கும்போது அதை எதற்கு என்னிடம் கேட்க வேண்டும்? சோதிக்கிறார். “ஓகே சார்” என்கிறேன். தலையாட்டிவிட்டுப் போகிறார். சட்டை முதுகில் ஒட்டிக்கொள்கிறது. இவரிடம் போய்ச் சொல்லச் சொல்கிறாய்.

மழையில் நனையாதே.

திருமலை


சாக்கன்
16.7.2024

அன்புத் தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். ஜலதோஷத்துக்கு மிளகு ரசம் வைக்க உங்கள் ரூமில் ஒருவனுக்காவது தெரியுமா?

கீபோர்டு கிடைத்ததைப் படித்ததும் குன்றத்தூர் முருகனுக்கு வேண்டிக்கொண்டேன். மலை ஏறுவது உன் பொறுப்பு.

ஆனால் காலண்டருக்குப் பின்னால் எத்தனை நாள் வேலை பார்ப்பாய்? உங்கள் கம்பெனியிலும் மாதம் ஒரு யோசனை எழுதிப் பெட்டியில் போடச் சொல்வார்களே, கைசன் அட்டை. மாமா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து என்னை யோசிக்கச் சொல்வார். போன மாதம் அவருக்குப் பாராட்டு வாங்கித் தந்த யோசனை என்னுடையது. நீயும் ஒன்று போடு. வட்டத்துக்குள் இரண்டு எழுத்து எழுதுங்கள் என்று கேள். கண்ணைப் பற்றி ஒன்றும் எழுத வேண்டாம்.

இன்னொன்று. நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். புதுத்திரை வந்தது ஒன்றாம் தேதி, திங்கள். கீபோர்டு கிடைத்தது புதன். திங்கள், செவ்வாய் என்ன செய்தாய்?

அக்கா உமா


படப்பை
11.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதம். ஓ.டி. அதிகம். நலமாக இருக்கிறேன். நீ?

கைசன் அட்டை போட்டேன். மூன்று வாரத்தில் பதில் வந்தது. மற்றவர்களுக்கு பதிலே வராது, அந்த வகையில் கௌரவம்தான். “எழுத்து ஒரு மொழி அறிந்தவர்களுக்கு மட்டுமே புரியும். நிறம் உலகப் பொதுமொழி. உங்கள் ஆர்வத்துக்கு நன்றி.” அந்த பதில் ஆங்கிலத்தில் இருந்தது. கங்கா என்னைப் படித்துத் தமிழில் சொல்லச் சொன்னாள்.

நல்ல செய்தி ஒன்று. ஜூலை மாதக் கணக்குப்படி லைனிலேயே வேகமாகவும் தப்பில்லாமலும் பார்த்தவன் நான். கறுப்புத் திரையில் என் விரல் ஓடும் வேகம், படத்தைத் தொட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு வராது. நிர்வாகம் இதைப் புதுத்திரையின் வெற்றி என்று முடிவு செய்துவிட்டது. கேன்டீன் வாசலில் என் படத்தை ஒட்டியிருக்கிறார்கள். கீழே ‘தொடுதிரையின் தோழன்’ என்று போட்டிருக்கிறது. விரலை நீட்டி நிற்கிறேன். பார்த்தால் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தவன் மாதிரி இருக்கிறேன்.

செப்டம்பர் இருபத்தாறு அன்று, சிலிண்டர் வாங்கும் கம்பெனியிலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள். அவர்கள் முன்னால் புதுத்திரையை ஓட்டிக் காட்டப்போவது தோழன்தான். பர்மனென்டுக்கான மருத்துவப் பரிசோதனை நவம்பரில். புள்ளிப் புத்தகம் போய் டேப்லெட் வந்துவிட்டதாம். ஒவ்வொருவருக்கும் எண்கள் வேறு வேறு வரிசையில் வருமாம். முப்பத்தேழு பேர் முன்னால் நின்றும் பிரயோஜனமில்லை.

ஷேர் ஆட்டோவில் போவதை நிறுத்திவிட்டேன். ரூமில் ஒருவனுடைய சைக்கிளை எடுத்துக்கொண்டு கம்பெனி இருக்கும் ஒரகடம் வரை மிதிக்கிறேன். உடம்புக்கு நல்லது.

திருமலை


சாக்கன்
19.8.2024

தம்பி,

நாங்கள் நலம்.

திங்கள், செவ்வாய்?

உமா


படப்பை
8.9.2024

அக்கா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

திங்கள்கிழமையைக் கங்கா காப்பாற்றினாள். வட்டம் மாறும்போதெல்லாம் “இன்னா கங்கா?” என்பேன். அவள் என் திரையை எட்டிப் பார்த்து “போடுபா” என்பாள், இல்லாவிட்டால் “தள்ளுபா” என்பாள். புதுத்திரையைக் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்தாள்.

செவ்வாய்க்கிழமை அவள் மகளுக்குக் காதுகுத்து. லீவு.

அன்று இருநூற்றுப் பன்னிரண்டு பீஸ் பார்த்தேன். காதால் பார்த்தேன். கசியும் பீஸில் சன்னமாக ஒரு சத்தம் வரும். எங்கள் பக்கத்து பிரஸ் மெஷின் நான்கு நொடிக்கு ஒருமுறை அடிக்கும். நடுவில் இருக்கும் நான்கு நொடிக்குள் கேட்க வேண்டும். கேட்டேன் என்றுதான் நினைத்தேன். கேட்காதபோது நல்லது என்று நினைத்தேன், ஏனென்றால் பெரும்பாலும் நல்லதாகத்தான் இருக்கும்.

ஆகஸ்டு தொடக்கத்தில் கறுப்புத் திரையின் சொல் ஒன்று ஞாபகம் வந்தது. அதோடு ஒரு தேதியைக் கொடுத்தால், அன்று மெஷின் சொன்னதையும் கை செய்ததையும் எதிரெதிரே போட்டுக் காட்டும். புதுத்திரையில் அதற்குப் பட்டன் இல்லை. யாரும் கேட்க மாட்டார்கள் என்று விட்டுவிட்டார்கள். நான்கு நாள் அந்தச் சொல்லை நான் டைப் அடிக்கவில்லை. ஐந்தாம் நாள் அடித்தேன்.

நல்ல பீஸ் பதினொன்றைக் கெட்ட டிரேயில் போட்டிருக்கிறேன். அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. கெட்ட பீஸ் மூன்றை நல்ல டிரேயில் போட்டிருக்கிறேன். அவற்றின் வரிசை எண்ணில் கடைசி நான்கு இலக்கங்கள் 3117, 3164, 3202.

அந்த வாரம் முழுக்க ஸ்பேர் ஆர்டர். வண்டிக் கம்பெனிக்குப் போகாமல் கடைகளுக்குப் போயிருக்கும். எந்த ஊர், எந்த அலமாரி, எந்த வண்டி என்று எனக்குத் தெரியாது. சைக்கிளில் போகும்போது என்னைத் தாண்டிப் போகும் ஒவ்வொரு ஷேர் ஆட்டோவிலும் பின்விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறேன். விளக்கு எரிவது தெரியும் அக்கா, கலர்தான் தெரியாது.

சொன்னால் உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள். டிராயரைத் திறக்க வேண்டும். ஏன் டிராயர் என்பார்கள். அப்புறம் மூன்று வருடமும் போய்விடும்.

மாமாவிடம் சொல்லாதே.

திருமலை


சாக்கன்
16.9.2024

மச்சான் திருமலைக்கு,

மூர்த்தி எழுதுவது. நாங்கள் நலம் என்று எழுதுவது வழக்கம், ஆனால் உன் அக்கா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நேற்று உன் கடிதங்கள் அனைத்தையும் கட்டாகக் கட்டி என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நானாகத் தேடி எடுக்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். செருப்பு ஸ்டாண்டு ஆடிட் மாதம் இரண்டு முறை, ஒரு முறை அல்ல.

உன் கண் விஷயம் எங்கள் கல்யாணத்தன்றே எனக்குத் தெரியும். பச்சைப் புடவை கட்டிய என் அத்தையை மேடைக்கு அழைத்துவரச் சொன்னேன். சிவப்புப் புடவை கட்டிய சமையல்கார அம்மாவை அழைத்து வந்தாய். அவரும் எங்களை ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போனார். ஒன்பது வருடமாக நான் யாரிடமும் சொன்னதில்லை. அதை நான் குறையாக எழுதியிருக்க மாட்டேன். அது பதிவேட்டில் விட்டுப்போன ஒரு விவரம்.

மூன்று பீஸ் அப்படி அல்ல. இந்தத் தொழிலில் எனக்குப் பதினெட்டு வருடம். தப்பு செய்தவனால் பெரிய சேதம் வந்து நான் அதிகம் பார்த்ததில்லை. தெரிந்த பிறகு ஒரு வாரம் யோசித்தவனால் வந்து பார்த்திருக்கிறேன். நீ ஒரு மாதம் யோசித்துவிட்டாய்.

இம்மாதம் முப்பதாம் தேதிவரை பார்ப்பேன். அதற்குள் நீ சொல்லவில்லை என்றால் உங்கள் தரப் பிரிவுக்கு நானே எழுதுவேன். அதற்குப் பிறகு உன் அக்கா என்னோடு பேச மாட்டாள். தெரிந்தேதான் எழுதுவேன்.

வேலை போனால் இங்கே வந்துவிடு. ஸ்டாண்டில் ஒரு தட்டு காலியாக இருக்கிறது.

மூர்த்தி


படப்பை
6.10.2024

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும்,

இருவர் பெயரையும் சேர்த்து எழுதுவது நிம்மதியாக இருக்கிறது. அக்கா, ஒழுங்காகச் சாப்பிடு.

இருபத்தாறாம் தேதி வந்தார்கள். மூன்று பேர். அவர்களுக்குப் பின்னால் எங்கள் மேலாளர், திரையை ஆராய்ந்த சென்னைக்காரர், எச்.ஆர். மேடம், கடைசியில் நம்பிராஜன் சார். எனக்குப் புதுச் சட்டை கொடுத்திருந்தார்கள். சென்னைக்காரர் என் படத்தைக் காட்டி ஏதோ சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பீஸைப் பொருத்தினேன். காற்று ஏறியது. வட்டம் வந்தது.

வந்தவர்களில் வயதானவர் ஒரு கேள்வி கேட்டார். மேலாளர் அதைத் தமிழில் சொல்வதற்குள் பின்னாலிருந்து நம்பிராஜன் சார், பழக்கத்தில், “இன்னாபா சொல்லுது?” என்றார்.

கங்கா தன் மேஜையிலிருந்து என் திரையைப் பார்த்துவிட்டு உதட்டை மட்டும் அசைத்தாள். தள்ளு. ஜூலையிலிருந்தே அவளுக்குத் தெரியும் போலிருக்கிறது. வலது டிரேயில் வைத்து வலது படத்தைத் தொட்டிருந்தால் அன்றைக்கு முடிந்திருக்கும்.

“தெரியல சார்” என்றேன்.

மேலாளர், “டென்ஷன்ல இருக்கான்” என்றார்.

“டென்ஷன் இல்ல சார். எனக்குக் கலர் தெரியாது. சேர்ந்தப்பவே தெரியாது.” இதைச் சொல்லிவிட்டு டிராயரைத் திறந்தேன். கீபோர்டைச் சொருகி, அந்தச் சொல்லையும் ஜூலை இரண்டு என்ற தேதியையும் அடித்தேன். அந்த மூன்று பீஸின் வரிகளும் வந்தன. வயதானவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டே வந்து படித்தார். படித்ததும் அவர் முதலில் கேட்டது என்னைப் பற்றி அல்ல. இந்தப் பட்டியல் ஏன் புதுத்திரையில் இல்லை என்று கேட்டார். சென்னைக்காரர் தன் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

அன்று சாயந்தரமே குடோன்களுக்கு ஆள் போனது. 3117, 3164 இரண்டும் ஸ்ரீபெரும்புதூர் குடோனில் பெட்டியோடு இருந்தன. 3202 விற்றுவிட்டது. திண்டிவனம் பக்கம் ஒரு கடை வரை தெரிந்திருக்கிறது. அங்கிருந்து யார் வாங்கினார்கள் என்று தேடுகிறார்கள்.

விசாரணை நடந்தது. முதல் குற்றம், அனுமதியில்லாமல் பழைய திரையை உபயோகித்தது. இரண்டாவது, மூன்று பீஸ். மூன்றாவது, என் கண். இந்த வரிசையில்தான் எழுதியிருக்கிறார்கள். “சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்தறிய இயலாதவர் இத்தொழிற்சாலையின் எந்த லைனிலும் பணிபுரியத் தகுதியற்றவர்” என்ற தாளில் சூப்பர்வைசர் சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்றார்கள். மேஜையில் இரண்டு பேனா இருந்தது, சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று என்றார்கள். பச்சையில் போட வேண்டுமாம். எச்.ஆர். மேடம் எடுத்துக் கொடுக்கும்வரை நம்பிராஜன் சார் இரண்டையும் தொடவில்லை. வாங்கிப் போட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பினால் காரணம் எழுத வேண்டும், அந்தக் காரணத்தைச் சிலிண்டர் வாங்குபவர்களும் படிப்பார்கள். முடிவாகும்வரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். ரூமில் இருக்கிறேன். மற்ற ஐந்து பேரும் என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்கள், காது கேட்காதவனிடம் பேசுவது மாதிரி வாயை நன்றாக அசைத்து.

மாமா, முப்பதாம் தேதிக்கு நான்கு நாள் முன்னாலேயே சொல்லிவிட்டேன். பதிவு செய்துகொள்ளுங்கள்.

திருமலை


சாக்கன்
15.10.2024

அன்புத் தம்பிக்கு,

நலம். சாப்பிடுகிறேன். உன் கடிதத்தை மாமா இரண்டு முறை படித்தார். நேராகக் கடைக்குப் போய் ஜாங்கிரி வாங்கி வந்து, உன் பெயரைச் சொல்லி எனக்குக் கொடுத்தார். ஒன்பது வருடத்தில் அவர் காரணமில்லாமல் இனிப்பு வாங்கியது இல்லை.

அந்தக் கடிதக் கட்டை அவர் தட்டருகே வைத்தது நான்தான். நீ சொல்லாதே என்று எழுதிய கடிதத்தையும் சேர்த்துத்தான் வைத்தேன். உன்னிடம் கேட்காமல் செய்தேன். அதற்கு என்னைக் கோபித்துக்கொள், இப்போது வேண்டாம், ஊருக்கு வரும்போது.

3202 கிடைத்ததா? காலையில் மாமா தமிழ்ச் செய்தியைப் போனில் திறந்து திண்டிவனம் என்று தேடுகிறார். ஒன்றும் இல்லை என்றதும்தான் குளிக்கப் போகிறார். நான் அடுப்படியில் இருந்தபடியே அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.

கிடைத்ததும் எழுது. கிடைக்காவிட்டாலும் எழுது.

அக்கா உமா


படப்பை
8.12.2024

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும்,

நலம். போன மாதம் நீங்கள் போன் செய்தபோதெல்லாம் “பார்க்கலாம்” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்ததற்கு மன்னிக்க வேண்டும். ரூமில் ஆறு பேர்.

பர்மனென்ட் லிஸ்ட் ஒட்டிவிட்டார்கள். என் பெயர் இல்லை. கங்கா பெயர் இருக்கிறது. எனக்கு மருத்துவ அடிப்படையில் கருணையோடு வேறு வேலை கொடுத்திருக்கிறார்கள். ஸ்க்ராப் யார்டு. அங்கே இரண்டு வகைத் தொட்டிகள். பச்சைத் தொட்டியில் போடுவது உருக்கி மறுபடி உபயோகிக்க. சிவப்புத் தொட்டியில் போடுவது நசுக்கி அழிக்க. நிறம் பிரிக்கத் தெரியாதவனை எங்கே போடலாம் என்று ஒரு கமிட்டி கூடிப் பேசி எடுத்த முடிவு இது. சேர்ந்த அன்றே பெயின்ட் பேனாவால் நான் நிற்கும் பக்கத்தில் ‘உருக்கு’, ‘நசுக்கு’ என்று எழுதிக்கொண்டேன்.

லைனில் வட்டத்துக்குள் எழுத்து வந்துவிட்டது. ஓகே, என்ஜி. பழைய பட்டியலுக்கும் ஒரு பட்டன் வைத்திருக்கிறார்கள். மாதத்தின் சிறந்த கைசன் பரிசு அதற்குத்தான். பெற்றவர் சென்னைக்காரர். கேன்டீன் வாசலில் என் படம் இருந்த இடத்தில் அவர் படம். அவரும் விரலை நீட்டிக்கொண்டிருக்கிறார். கங்கா, “எழுத்து வந்தப்புறம் நம்ம லைன் தப்பு பாதியாயிடுச்சுபா. கலர் தெரியாத உன்னைத்தான் முன்னாடியே தூக்கிட்டாங்களே, அப்புறமும் எழுத்தால எப்படிக் குறையும்னு மேனேஜர் கேக்கறாரு” என்றாள். கம்பெனியில் சேர்ந்த அன்று என் முன்னால் நின்ற முப்பத்தேழு பேரில் எத்தனை பேர் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னார்கள், எத்தனை பேர் முன்னால் நின்றவனைக் கேட்டுச் சொன்னார்கள் என்று யாருக்குத் தெரியும்.

3202 கிடைத்துவிட்டது. செஞ்சியில் ஒரு ஷேர் ஆட்டோவில் போட்டிருக்கிறார்கள். இரண்டே நாளில் பிரேக் மிதி உள்ளே உள்ளே போகிறது என்று டிரைவர் மெக்கானிக்கிடம் சண்டை போட்டுக் கழற்ற வைத்திருக்கிறார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாமா, இனி நீங்கள் நேராகக் குளிக்கப் போகலாம். கழற்றிய பீஸ் மெக்கானிக்கின் டப்பாவிலேயே நான்கு மாதம் கிடந்து, போன வியாழக்கிழமை எங்கள் கம்பெனிக்குத் திரும்பி வந்தது. அழித்துவிட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று நம்பிராஜன் சாரிடம் கொடுத்தனுப்பினார்கள்.

விசாரணைத் தாளில் கையெழுத்துப் போட்ட பிறகு அவர் என்னிடம் பேசியதில்லை. அன்றுதான் யார்டுக்கு வந்தார். நான் தொட்டிகளுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அவர் அந்தப் பக்கமாக வந்தார். கையில் பிளாஸ்டிக் கவரில் பீஸ்.

“மூணாவது வந்துட்சுபா” என்றார்.

“சிவப்புல போடணும் சார்” என்றேன். நான் எழுந்திருக்கவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இருந்தது.

அவர் இரண்டு தொட்டிகளுக்கும் நடுவில் நின்றார். இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். கையை இடது பக்கம் கொண்டுபோய், போடாமல் எடுத்துக்கொண்டார். ஒரு தொட்டியில் விளிம்பில் துரு இருந்தது, அதைக் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எத்தனையோ நாள் என் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்த அதே பார்வை. அதை நேருக்கு நேர் நான் அன்றுதான் பார்த்தேன். அதில் சோதனை ஒன்றும் இல்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் தொட்டிகளைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தார். நான் எழுதியிருந்த இரண்டு சொற்களையும் படித்தார். ‘நசுக்கு’ என்று இருந்த தொட்டியில் பீஸைப் போட்டார். கொண்டுவந்த தாளில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, “டீ சாப்பிட்டியாபா?” என்றார். சாப்பிட்டேன் என்றேன். சரி என்று போய்விட்டார். அவருக்கு ரிட்டயர்மென்டுக்கு இன்னும் ஆறு வருடம் இருக்கிறது.

என் மேஜை டிராயரில் துணிக்கு அடியில் அந்தக் கீபோர்டை வைத்தது யார் என்று இத்தனை மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன். இப்போது யோசிப்பதில்லை.

மறுநாள் ஷிப்டு தொடங்கியதும் முதல் வேலையாகத் தொட்டிகளின் அந்தப் பக்கத்திலும் எழுதிவிட்டேன்.

மாத்திரையை நிறுத்தாதே அக்கா.

திருமலை